அஞ்சலையின் மூன்று படங்கள்

மார்ச் 5, 1979. திங்கள்

விடியும்போதே புழுக்கம். கிணற்றில் தண்ணீர் கீழே இறங்கிவிட்டது, கயிறு எட்டவில்லை. புதுக்கயிறு வாங்க வேண்டும்.

போன பொங்கலின்போது கன்னியம்மா கேட்ட கேள்வி இன்று முழுக்க மனதில். மீனவர் குப்பத்திலிருந்து என் வீட்டுக்கு மீன் கொண்டுவருகிறவள். கொல்லையில் உட்கார்ந்து சங்கரா மீன் அலசிக்கொண்டிருந்தாள். அவள் மகள் அஞ்சலை அடுப்புக் கரியால் என் சுவரில் வரைந்துகொண்டிருந்தாள். நான் மெச்சினேன். அப்போது கேட்டாள்: "படம் போட்டா அதுக்கு இன்னா டீச்சரம்மா கெடைக்கும்?"

"முதல்ல சந்தோஷம் கிடைக்கும்."

"சந்தோசத்த அம்மில வெச்சி அரச்சி கொழம்பு வெச்சிடலாமா?"

இருவரும் சிரித்தோம். கேள்வி அப்படியே நின்றுவிட்டது.

இன்று அதற்கு ஒரு பதில் வந்த மாதிரி இருக்கிறது. நான் வேலை பார்த்த செங்கல்பட்டுப் பள்ளியிலிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இது சர்வதேசக் குழந்தைகள் ஆண்டு அல்லவா? அங்கே ஒரு கமிட்டி போட்டிருக்கிறார்களாம். ஊனமுற்ற குழந்தைகளுக்குக் கலைவிழா. மூன்று படங்கள் முன்னதாகக் கொடுக்க வேண்டும். நன்றாக வரையும் ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து சென்னை விடுதி ஒன்றில் சேர்ப்பார்கள். ஓவியம், களிமண் வேலை, சோறு, படுக்க இடம், எல்லாம் அவர்கள் பொறுப்பு.

அஞ்சலைக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. பேச்சும் வரவில்லை. வயது பதின்மூன்று. அந்த விடுதியில் பதினான்கு ஆகிவிட்டால் எடுக்க மாட்டார்கள். அதாவது இந்த ஜூன், இல்லையென்றால் இல்லை. குப்பத்துப் பள்ளியில் கொஞ்ச நாள் உட்கார்ந்தாள். "காதுல வாங்காத பிள்ளைக்கு நான் எதை நடத்துறது?" என்று அனுப்பிவிட்டார்கள். ஒரே அறையில் எல்லா வகுப்பும் நடத்துகிற வாத்தியார். அவர் மேல் கோபப்படவும் முடியவில்லை.

செய்ய வேண்டியவை: கயிறு. மண்ணெண்ணெய். தடித்த தாள் (செ.பட்டில்தான் கிடைக்கும்). ஆஸ்பத்திரி சர்டிபிகேட். அவள் அப்பா தேசப்பனிடம் பேசுவது.

கடைசியாக எழுதியதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம்.

மார்ச் 8, வியாழன்

வெயில் தாழ்ந்ததும் குப்பத்துக்குப் போனேன். மணலில் நடந்தால் முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

தேசப்பன் படகு நிழலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். கால் கட்டைவிரலில் கண்ணியை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, கையில் ஊசி.

"இன்னா டீச்சரம்மா, இம்மாந்தூரம்? சொல்லி வுட்டா நானே வந்திருப்பனே."

விவரம் சொன்னேன். தலை நிமிரவில்லை.

"நீங்கோ நல்லதுக்குதான் சொல்றீங்கோ. ஆனா மேஸ்திரிகிட்ட வாக்கு குட்த்துகினேன். சித்திரை பொறந்தா இதையும் எறா கம்பெனி வேன்ல ஏத்தி வுட்றதுன்னு."

எறா கம்பெனி என்பது மாமல்லபுரத்துக்கு வடக்கே இருக்கும் இறால் கொட்டகை. குப்பத்துப் பெண்பிள்ளைகளை வேன் வந்து அள்ளிக்கொண்டு போகும். ஐஸில் கிடக்கிற இறாலை நாள் முழுக்கத் தலை கிள்ளி ஓடு உரிக்க வேண்டும். விரல் ஊறி, வெந்து, நுனி பிளந்துவிடும். உதாரணத்துக்கு, இவர்கள் குடிசைக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிற ராணி. பிசைந்து சாப்பிட முடியாமல் கரண்டியால் அள்ளிச் சாப்பிடுகிறாள். குழம்பில் உப்பு இருக்கிறதே, எரியுமாம்.

"அந்த விரல்தான் தேசப்பா, படம் போடற விரல்" என்றேன்.

"அந்த வெரலுதான் டீச்சரம்மா சோறும் துன்னணும்."

கன்னியம்மா குடிசைக்குள்ளிருந்து: "யோவ், முழுசா கேட்டுகினு பேசேன்! சும்மா சோறு போட்றாங்கோ, தங்க எடம் குடுக்கறாங்கோ. உனுக்கு இன்னா பேஜாரு?"

"நீ மூடு. டீச்சரம்மா, படம் கத்துகினா வேல குடுப்பாங்களா?"

தெரியாது என்று உண்மையைச் சொன்னேன். ஊசி கொஞ்ச நேரம் நின்றது.

"சரி. அவங்கோ எட்த்துகினா நான் குறுக்க நிக்க மாட்டேன். எட்த்துக்கலன்னா சித்திரைல வேனு. அப்பால நீங்கோ வந்து ஒன்னியும் சொல்லக்கூடாது."

ஒப்புக்கொண்டேன்.

அஞ்சலை எங்கள் மூவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாயின் முந்தானையை இழுத்தாள். கன்னியம்மா கையாலேயே சொன்னாள்: பென்சில் பிடிக்கிற விரல், பஸ் சக்கரம், தூரம், சோறு. அஞ்சலை சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு ஒரு கரகரப்பு உண்டு. தன் காதில் விழாத சிரிப்பு.

மார்ச் 11, ஞாயிறு

தாள் வாங்கி வந்துவிட்டேன். நல்ல பென்சில், ரப்பர். மண்ணெண்ணெய் வாங்க மறந்துபோனேன்.

அஞ்சலை காலையிலிருந்து இங்கேதான். மூன்று படங்களும் இன்று முடிந்தன. ரப்பரை அவள் தொடவே இல்லை, முகர்ந்து பார்த்துவிட்டு வைத்துவிட்டாள்.

ஒரு படம் 'இயற்கைக் காட்சி'யாக இருக்க வேண்டும் என்று கமிட்டிக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். எப்படி விளக்குவது? இயற்கைக் காட்சி என்று நான் எந்த வகுப்பில் சொன்னாலும் பிள்ளைகள் ஒரே படத்தைத்தான் போடுவார்கள். இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், ஒரு தென்னை, ஒரு குடிசை. அதையே ஒரு துண்டுத் தாளில் போட்டுக் காட்டினேன். பார்த்தாள். எழுந்துபோய் வாசலில் நின்று கிழக்கே கடலைப் பார்த்தாள். திரும்பி வந்து என் மலைகளின் மேல் விரலை வைத்துத் தலையாட்டினாள். இல்லையாம். உண்மைதான், இங்கே எங்கே மலை?

அவள் போட்டது விடியற்காலைக் கரை. அதில் சூரியனே இல்லை. சூரியனைப் பார்த்துக் கண் கூசிக்கொண்டு நிற்கிற முகங்கள் மட்டும். முகத்தைப் பார்த்தாலே சூரியன் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று தெரிகிறது.

இரண்டாவது, கரையில் மீன் ஏலம். இதைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஆளுக்கு ஒரு வாய். உதாரணத்துக்கு: ஒருத்திக்கு வாய் கிழிய விலை கேட்கிற வாய். பக்கத்தில் இருப்பவளுக்கு உதட்டோரம் மட்டும் திறந்திருக்கிறது, அது தோழியிடம் ரகசியம். ஓரத்தில் ஒருத்தி கீழுதட்டைக் கடித்திருக்கிறாள், அதற்கு மேல் அவளால் கேட்க முடியாது, மீன் போய்விட்டது. காதால் கேட்ட நான் இத்தனை வருஷத்தில் ஏலத்தை இவ்வளவு கேட்டதில்லை.

மூன்றாவது, பஸ்ஸில் மீன்கூடையோடு கன்னியம்மா. சுற்றிலும் மூக்கைப் பொத்திய கைகள். நடுவில் அவள் ஜன்னல் வழியாக எங்கோ பார்க்கிறாள். கன்னியம்மா வந்து அந்தக் கைகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "இது எப்பம்மா பாத்துது?" என்றாள்.

சாயங்காலம் தேசப்பன் வந்தான். மூன்றையும் சுருட்டி, பாலிதீன் சுற்றி, வலை நைலானால் அவனே கட்டினான். இழுத்து, பல்லால் கடித்து, இன்னொரு சுற்று.

"இந்த முடிச்சி ஊற ஊற இறுவும் டீச்சரம்மா. கடலே வந்தாலும் உள்ள ஒரு சொட்டு பூராது."

"பஸ்ஸில் கடல் வராது தேசப்பா."

"பஸ்ல ஏறிப் பாரு. கடல் தேவலாம்."

போகும்போது, தான் பேச்சுவாக்கில் 'பாரு' என்று சொல்லிவிட்டதை நினைத்து, "தப்பா நெனச்சிக்காதீங்கோ" என்றான். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

மார்ச் 13, செவ்வாய்

செங்கல்பட்டு. நான், கன்னியம்மா, அஞ்சலை. முதல் பஸ்.

பெரிய ஆஸ்பத்திரியில் காது பிரிவு. சர்டிபிகேட் வாங்குகிற பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் பாதிப் பேருக்குக் காது கேட்காது. கதவருகே ஒருவர் நின்று பெயரைக் கத்திக் கூப்பிடுகிறார். யாரும் எழவில்லை. அவருக்குக் கோபம். "எத்தனை தடவை கத்தறது? காது என்ன செவிடா?"

கன்னியம்மா: "அதுக்குதான்யா வந்துகீறாங்கோ!"

பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. கேட்காதவர்களும் மற்றவர்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டார். ஆனால் அதற்கப்புறமும் கத்தித்தான் கூப்பிட்டார்.

ஒரு கிழவர் காலையில் தவறவிட்ட தன் பெயருக்காக நாங்கள் கிளம்பும்வரை உட்கார்ந்திருந்தார். எங்களுக்குக் கிடைத்துவிட்டது. டாக்டர் அஞ்சலையின் முதுகுக்குப் பின்னால் கையைத் தட்டினார், மணியை ஆட்டினார், எழுதிக் கொடுத்தார்.

அங்கிருந்து கமிட்டி ஆபீஸ். கமிட்டிச் செயலாளரின் சொந்த ஜவுளிக்கடை மாடி. நல்ல மனிதராகத்தான் தெரிகிறார். எங்களுக்கு நாற்காலி போட்டார், மோர் வரவழைத்தார். சுருளை வாங்கி பீரோவின் மேல் தட்டில் வைத்தார்.

"பத்திரமா இருக்கும் டீச்சர். வர்ற எல்லாத்தையும் உட்கார்ந்து பார்ப்போம்."

அஞ்சலை பீரோவைப் பார்த்துக்கொண்டே படியிறங்கினாள். எனக்கும் திரும்பிப் பார்க்கத் தோன்றியது.

கயிறு வாங்கியாயிற்று. மண்ணெண்ணெய் இன்றும் இல்லை.

மார்ச் 24, சனி

இப்போதுதான் வந்தேன். சாப்பிடப் பிடிக்கவில்லை. வரிசையாக எழுதிவிட வேண்டும்.

காலையில் கன்னியம்மா அஞ்சலையைக் கூட்டிக்கொண்டு வந்தபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. பட்டுப் பாவாடை. தலை நிறைய கனகாம்பரம். கழுத்தில் கெட்டிச் சங்கிலி, காதில் ஜிமிக்கி. கேட்காத காதில் ஜிமிக்கி ஆடியது. படகுக்காரர் வீட்டம்மாவிடம் இரவல் வாங்கினாளாம்.

"மேடைல ஏறப் போவுது டீச்சரம்மா. குப்பத்துப் புள்ளன்னு எவனும் எளப்பமா பாக்கக்கூடாது இல்ல?"

குப்பத்தில் கல்யாணமோ திருவிழாவோ, நாலு பேர் முன்னால் நிற்கப் போகிற பிள்ளையை வெறுங்கழுத்தோடு அனுப்ப மாட்டார்கள். சொந்தத்தில் இல்லாவிட்டால் தெரு கொடுக்கும். நானும் அழகாக இருக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

விழா ஒரு கல்யாண மண்டபத்தில். பிள்ளைகள் நிறைய. கோலூன்றியவர்கள், தூக்கி வரப்பட்டவர்கள், கருப்புக் கண்ணாடி போட்டவர்கள். படங்கள் எங்காவது மாட்டியிருக்கும் என்று சுவர்களைப் பார்த்தேன். காகிதத் தோரணம்தான் இருந்தது. பேச்சுகள். ஊனமுற்றோர் கடவுளின் குழந்தைகள் என்று ஒருவர். அவர்களிடம் நாம் கற்க வேண்டும் என்று இன்னொருவர். பிள்ளைகளுக்குத் தாகம். தண்ணீர் பேச்சுக்கு அப்புறம்தான் வந்தது.

எல்லாருக்கும் ஒரே மாதிரி எவர்சில்வர் டம்ளர் பரிசு. அப்புறம் போட்டோக்காரர், "நாலு பேரை முன்னால உட்கார வைங்க சார்" என்றார். செயலாளர் பிள்ளைகளின் வரிசையில் நடந்தார். அஞ்சலை முன் நின்றார்.

"இந்தப் பொண்ணு யார் கூட வந்தது? துணைக்கு வந்ததா?"

"இவள்தான் அஞ்சலை. காது கேட்காது" என்றேன்.

மேலும் கீழும் பார்த்தார். "பார்த்தா ஒண்ணும் தெரியலையே டீச்சர்."

"காதுதானே. எப்படித் தெரியும்?"

"அதைத்தான் சொல்றேன். போட்டோல தெரியணும் இல்லையா? நாளைக்கு இதைக் காட்டித்தானே நாங்க நன்கொடை கேக்கணும்." குரலைத் தாழ்த்தி, "கழுத்துல வேற இவ்ளோ போட்டிருக்கு."

இரவல் நகை என்று சொன்னேன். தலையை ஆட்டினார். நம்பாமல் இல்லை. ஆனால் அதற்குள் கால் நகர்ந்துவிட்டது.

விடுதி இடம், அவர் முன்னால் உட்கார வைத்தவர்களில் ஒரு பையனுக்கு. இளம்பிள்ளைவாதம், இரண்டு காலிலும் இரும்புப் பட்டை. மாலை போட்டு நடுவில் உட்கார வைத்தார்கள். பாவம், நல்ல குழந்தை. கீழே இறங்கியதும் பக்கத்தில் உட்கார்ந்து, "என்னப்பா படம் போட்டே?" என்று கேட்டேன்.

"எனக்குப் படம் வராது டீச்சர். கணக்குதான் நல்லா வரும். நீங்க கேட்டுப் பாருங்களேன், பெருக்கல்."

பெருக்கல் கேட்டேன். பளிச்சென்று சொன்னான். அவனைக் கணக்கு சொல்லித் தருகிற இடத்துக்கு அனுப்ப யாரும் இல்லை, அஞ்சலையைப் படத்துக்கு அனுப்ப யாரும் இல்லை.

அஞ்சலைக்கு இன்னும் புரியவில்லை. பஸ்ஸில் டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு, பென்சில் விரல், சக்கரம், தூரம் என்று தாயிடம் சைகை காட்டினாள். எப்போது என்று கேட்கிறாள். கன்னியம்மா அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்து மடியில் அழுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கையைப் பிடித்துவிட்டால் அந்தப் பெண்ணுக்குக் கேள்வியும் இல்லை.

மார்ச் 27, செவ்வாய்

கன்னியம்மா மீன் கொண்டுவரவில்லை. நேற்றும் இல்லை. கத்தரிக்காய் வதக்கிச் சாப்பிட்டேன். நகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாளாம், பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

கொல்லைச் சுவரை மழைக்கு முன் வெள்ளையடிக்க வேண்டும் என்று வீட்டுச் சொந்தக்காரர் சொன்னார். ஒரு பகுதியை விட்டுவிடுங்கள் என்றேன். ஏன் என்றார். அஞ்சலையின் கரிப் படத்தைக் காட்டினேன்.

ஏப்ரல் 4, புதன்

இந்த வாரம் தட்டிய கதவுகள், நினைவுக்கு:

மாமல்லபுரத்தில் சிற்பம் கற்பிக்கிற இடம். பள்ளி இறுதி வகுப்புத் தேறியிருக்க வேண்டும்.

சிற்பி ஒருவரின் பட்டறை. மரியாதையாகப் பேசினார். கல்லைத் தட்டி, அது எழுப்புகிற நாதத்தைக் கேட்டுத்தான் இது எதற்கு ஆகும் என்று முடிவு செய்வார்களாம். "கேக்காத புள்ளைய நான் எங்கம்மா உக்கார வைக்கிறது?" பெண்பிள்ளை என்பது அதற்கப்புறம்தான் வந்தது.

கிளிஞ்சல் பொம்மைக் கடை. வெள்ளைக்காரர்களிடம் விலை சொல்லத் தெரிய வேண்டும்.

சென்னையில் செவிடர் பள்ளி. ஐந்து வயதில் கொண்டுவந்திருக்க வேண்டும் என்றார்கள். இவளுக்கு ஐந்து வயதில் அதை யார் கன்னியம்மாவிடம் சொன்னார்கள்?

இன்று செங்கல்பட்டு. இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கலாம், இல்லையென்றால் படங்களையாவது வாங்கி வரலாம் என்று. செயலாளர் மோர் கொடுத்தார். பீரோவைத் திறந்தார். மேல் தட்டில் வைத்த இடத்திலேயே இருந்தது. பாலிதீன், நைலான், தேசப்பன் பல்லால் இறுக்கிய முடிச்சு. யாரும் பிரிக்கவே இல்லை.

சுருளை வாங்கி முடிச்சைத் திருப்பிப் பார்த்தேன்.

"நீங்க பார்க்கலையா?"

"அவுக்கப் பார்த்தோம் டீச்சர், முடிச்சு வரல. ரெண்டு பேர் முயற்சி பண்ணோம். சத்தியமா. நகம்தான் ஒடிஞ்சது."

"ஒரு பிளேடு போதுமே."

மேஜையில் பென்சில் சீவுகிற பிளேடு கிடந்தது. அவர் அதைப் பார்த்ததை நான் பார்த்தேன். எடுத்து அறுத்தார். தாள்கள் மேஜையில் விரிந்தன. ஏலப் படத்தின் மேல் குனிந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். கீழே கடையில் துணி கிழிக்கிற சத்தம்.

"அடேயப்பா. இது எங்க கடைக்கு வர்ற பொம்பளைங்க மாதிரியே…" அவராகவே நிறுத்திக்கொண்டார். பிறகு, "இதை நீங்க பிரிச்சே கொண்டுவந்திருக்கலாம் டீச்சர்" என்றார்.

"ஆமாம்" என்றேன். அவர்மேல் ஆத்திரப்படக்கூட ஒரு பிடி கிடைக்கவில்லை. கெட்டவராக இருந்தால் தேவலை.

"அந்தப் பையன் பேரைக் கொடுத்தாச்சு. அடுத்த வருஷம் பார்ப்போம்."

"அடுத்த வருஷம் குழந்தைகள் ஆண்டு இல்லையே. அவளுக்கு வயதும் தாண்டிவிடும்."

"அதுவும் சரிதான்" என்றார். உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார். படங்களைச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. மடியில் சுருள். திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன்: அந்தக் கட்டு மட்டும் அவிழ்ந்திருந்தால்? போட்டோ எடுக்கத்தானே அத்தனையும்? படத்தைப் பார்த்திருந்தாலும் அந்தப் பையனைத்தான் நடுவில் உட்கார வைத்திருப்பார்களோ? தெரியவில்லை. தெரிந்துகொள்ள இனி வழியும் இல்லை.

ஏப்ரல் 14, சனி. வருஷப்பிறப்பு

வெயில். வேப்பம்பூ உதிர்ந்து கிடக்கிறது. மாங்காய்ப் பச்சடி கொஞ்சம் செய்து குப்பத்துக்கு எடுத்துப் போனேன். வேன் நாளையிலிருந்தாம்.

தேசப்பன் வெளியே வந்து வாங்கிக்கொண்டான். வாக்குக் கொடுத்திருக்கிறேன் அல்லவா, அதனால் நான் எதுவும் சொல்லவில்லை. பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டான்:

"டீச்சரம்மா, ஒன்னு கேக்கணும். அந்த முடிச்ச எப்டி அவுத்தாங்கோ? தடுமாறிகினு இருந்திருப்பாங்களே?"

முகத்தில் கொஞ்சம் பெருமை. இந்த ஊரில் அந்த முடிச்சைப் போடத் தெரிந்தவன் அவன் மட்டும்தானாம்.

"ரொம்பத் தடுமாறினார்கள்" என்றேன். "அப்புறம் அவிழ்த்துவிட்டார்கள்."

"பட்த்த பாத்தாங்களா?"

"பார்த்தார்கள். ரொம்ப நன்றாக இருக்கிறது என்றார்கள்."

"அப்பறம் ஏன் எட்த்துக்கல?"

"ஒரு இடம்தான் இருந்தது" என்றேன்.

"அதான" என்றான். "நம்ம புள்ள கொறச்சல் இல்ல. எடந்தான் இல்ல." அவனுக்கு அது போதுமானதாக இருந்தது. நல்ல வேளை என்று தோன்றியது. உடனே, இதில் எங்கே நல்ல வேளை என்றும் தோன்றியது.

கன்னியம்மா அஞ்சலையின் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள். படங்களை நீட்டினேன்.

"நீங்களே வெச்சிக்குங்கோ டீச்சரம்மா. இங்க வெச்சா கூரை ஒழுவும்."

அஞ்சலை வாங்கிப் பிரித்தாள். மூன்றையும் பார்த்தாள். ஏலப் படத்தில் ஒரு பெண்ணின் காலருகே ஏதோ விட்டுப்போயிருக்கிறது போல, என்னிடம் பென்சில் கேட்டுக் கை நீட்டினாள். நான் எடுத்துப் போகவில்லை. பென்சிலை ஏன் எடுத்துப் போகாமல் இருந்தேன்?

ஏப்ரல் 23, திங்கள்

மண்ணெண்ணெய் கிடைத்தது. முழங்காலுக்குத் தைலம்.

கன்னியம்மா மறுபடி மீன் கொண்டுவருகிறாள். தனியாக. அஞ்சலை விடியும் முன் வேனில் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருகிறாளாம். "சோத்துல கைய வெச்சிகினே தூங்கிடுது டீச்சரம்மா." விரல் எப்படி என்று கேட்டேன். சங்கராவின் செதிலைச் சுரண்டிக்கொண்டே, "எல்லாருக்கும் வர்றதுதான" என்றாள்.

ஏப்ரல் 29, ஞாயிறு

கொட்டகைக்குப் போய் வந்தேன். ஞாயிறும் லீவு இல்லை. மாமல்லபுரத்தில் பஸ் மாறி, இறங்கி, சவுக்குத் தோப்பு ஓரமாக நடை. நாற்றம் முதலில் வந்தது, கொட்டகை அப்புறம்.

மேஸ்திரி உள்ளே விட மாட்டேன் என்றான். டீச்சர் என்றதும் கொஞ்சம் இளகி, "சாப்பாட்டு நேரத்துல வெளிய வரும், பாத்துக்கோங்கோ. ஆனா அத்தோட இன்னா பேசப் போறீங்கோ?" என்று சிரித்தான்.

பெண்கள் வெளியே வந்தார்கள். பாவாடை முழங்கால் வரை ஈரம். சிமெண்டுக் களத்தின் ஓரத்தில் நிழலாகப் பார்த்து உட்கார்ந்தார்கள். அஞ்சலை என்னைப் பார்த்ததும் ஓடி வரவில்லை. நடந்து வந்தாள். விரல்களில் துணிச்சுற்று. சுண்டுவிரல் மட்டும் வெறுமே இருந்தது.

பையிலிருந்து தாளும் பென்சிலும் எடுத்தேன். பென்சிலைப் பிடித்துப் பார்த்தாள். துணி சுற்றிய விரலில் நிற்கவில்லை, வழுக்கி விழுந்தது. இன்னொரு தடவை. அப்புறம் பென்சிலைத் துடைத்து என் பையிலேயே வைத்துவிட்டாள்.

மற்றப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி, "ஊமச்சி, எனுக்கு ஒரு படம் போடேன்!" என்று அவள் முகத்துக்கு நேரே கையை ஆட்டிக் காட்டினாள். கேலிதான், ஆனால் கெட்ட எண்ணம் இல்லை. அஞ்சலை அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எழுந்து ஐஸ் உருகி ஓடுகிற வாய்க்காலில் சுண்டுவிரலை நனைத்தாள். வெயிலில் கிடந்த சிமெண்டுத் தரையில் குந்தி அந்தப் பெண்ணின் முகத்தை வரைய ஆரம்பித்தாள்.

நெற்றி. புருவம். கன்னத்தின் ஒரு கோடு. நான் குனிந்து பார்த்தேன், அந்தப் பெண்ணேதான். விரலை நனைக்க வாய்க்காலுக்கு ஓடினாள். திரும்பி வருவதற்குள் நெற்றி இல்லை. மறுபடி நெற்றி போட்டாள். அதற்குள் கன்னம் இல்லை. வேகமாகப் போட்டாள். அப்புறம் இரண்டு உள்ளங்கையிலும் தண்ணீர் அள்ளிக்கொண்டு வந்தாள். வழியிலேயே ஒழுகிவிட்டது. பெண்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள். கேட்டவள் எழுந்துவந்து, "போதும் வா, போதும்" என்று அவள் தோளைத் தொட்டாள்.

மேஸ்திரி விசில் ஊதினான். எல்லாரும் எழுந்தார்கள். அஞ்சலை தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒருத்தி தட்டிச் சொன்னதும்தான் எழுந்து உள்ளே போனாள்.

இதை என்றாவது யாராவது படித்தால் ஒன்று செய்யுங்கள். சித்திரை மாதத்து மத்தியானம், வெயில் ஏறிய சிமெண்டுத் தரையில், விரலைத் தண்ணீரில் நனைத்து ஒரு முகத்தை முழுதாக வரைந்து பாருங்கள்.